பீஷ்மர் வைத்தியர்களை எப்படி அனுப்பி வைத்தார்?



பாரதப் போரின் பத்தாம் நாள் பீஷ்மர் வீழ்ந்தார். உடம்பெல்லாம் அம்பு. முதுகு தரையில் படவில்லை, அம்புகளே படுக்கை. தலை தொங்கியபோது அர்ஜுனன் அம்பினாலேயே தலையணை செய்து கொடுத்தான். மறுநாள் தாகம் எடுத்தபோது பூமியைத் துளைத்துத் தண்ணீர் வரவழைத்தான். இந்த இரண்டு காட்சியும் நமக்கு நல்லாவே தெரியும், சமய வகுப்பில் படம் காட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. அதை யாரும் படமாக வரைவதில்லை. அம்பு பிடுங்குவதில் கைதேர்ந்த வைத்தியர்களை துரியோதனன் கூட்டி வருகிறான். மருந்து, கருவி எல்லாவற்றோடும் அவர்கள் வந்து நிற்கிறார்கள். பீஷ்மருக்குச் சிகிச்சை வேண்டாம். ஒரு க்ஷத்திரியன் அடைய வேண்டிய நிலையை அடைந்துவிட்டேன், இனி வைத்தியம் எதற்கு என்பது அவர் எண்ணம். ஆனால் அதை எப்படிச் சொன்னார் தெரியுமா? இவர்களுக்குப் பொருள் கொடு, உரிய மரியாதை செய், அதன் பிறகு அனுப்பி வை என்று துரியோதனனிடம் சொன்னார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே அந்த நிமிடம் அவரை விட அதிக வலியில் இருந்த ஆள் கிடையாது. அந்த வலியில் ஒரு துளிகூட வைத்தியர்கள் மேல் தெறிக்கவில்லை.

இந்த மாதக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் ரக்பி லீக். 'என்னப்பா இது, பீஷ்மருக்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். அடிபட்ட வீரன் தன்னைக் காப்பாற்ற வந்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் சம்பந்தம்.

என் விடுதியில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் பார்க்கிற ஒரு சின்னக் கூட்டம் உண்டு. நம்ம பசங்களில் பலருக்கு அந்த ஆட்டமே தெரியாது. ரக்பி என்றால் ஒன்றுதான் என்று நினைப்போம். ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர், ரக்பி லீக்கில் 13 பேர். 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கிளப்புகள் கூடி, பழைய சங்கத்திலிருந்து பிரிந்து வந்து தொடங்கியதுதான் லீக். சண்டை எதற்கு? சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள் ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கொடுக்கலாமா, கூடாதா என்பதற்கு. உழைக்கிறவன் உடம்புக்கும் அவன் நேரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்ற வழக்கில் பிறந்த ஆட்டம் அது. அதனால் அந்த உடம்பைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கும் அங்கே மதிப்பு இருக்கத்தான் வேண்டும்.

இந்த ஆட்டத்தில் ஹெல்மெட் கட்டாயம் கிடையாது. நூறு கிலோ எடையுள்ள ஆள் ஓடி வருவார், அதே எடையுள்ள இரண்டு மூன்று பேர் அவரை மோதிச் சாய்ப்பார்கள். 80 நிமிடமும் இதுதான். ஒருவர் விழுந்தால், மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே டிரெய்னர் திடலுக்குள் ஓடுவார். தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் டாக்டர் வருவார். ஆட்டக்காரரை வெளியே கூட்டிப்போய் 15 நிமிடம் சோதிப்பார்கள். இன்றைக்கு எந்தத் திடலில் ஆடுகிறோம், கடைசியாக யார் புள்ளி எடுத்தது, நேராக நிற்க முடிகிறதா, சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். சோதனையில் தேறவில்லை என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. விழுந்தவர் அசையாமல் கிடந்தாலோ, எழுந்து தள்ளாடினாலோ 15 நிமிடச் சோதனைகூடக் கிடையாது, நேராக வெளியேதான்.

ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் போட்டியில் 2022 முதல் இன்னொரு ஏற்பாடும் உண்டு. எந்தக் கிளப்பையும் சேராத ஒரு டாக்டர் வீடியோ அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். திடலில் இருப்பவர்கள் கவனிக்காவிட்டாலும், 'அந்த ஆளை வெளியே எடுங்கள்' என்று அவர் சொல்லலாம். மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஆட முடியாது.

இதை ஒரு ஆட்டக்காரரின் பக்கமிருந்து பாருங்கள். ரத்தம் கொதித்துக்கொண்டிருக்கிறது. அணி நான்கு புள்ளி பின்னால் இருக்கிறது. அடுத்த வருஷத்து ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. தனக்கு ஒன்றுமே இல்லை என்று மனசார நம்புகிறார். அந்த நேரத்தில் ஒருவர் வந்து தோளைத் தொட்டு, 'வெளியே வா' என்கிறார். கையைத் தட்டிவிடுவது, நெஞ்சில் பிடித்துத் தள்ளுவது, கெட்ட வார்த்தை எல்லாம் வெடிப்பது அந்தப் புள்ளியில்தான்.

நான் பொறியியல் மாணவன், அதனால் எனக்குப் பழக்கமான ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். லேப்பில் ஒரு சென்சார் கீழே விழுந்து அடிபட்டுவிட்டது என்று வையுங்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று அந்த சென்சாரையே கேட்க முடியுமா? அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டத்தான் செய்யும். அந்த எண் உண்மையா என்று தெரிய வேண்டுமானால் அடிபடாத இன்னொரு கருவியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டவர், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வது அடிபட்ட சென்சார் காட்டும் எண். எது முடிவு எடுக்க வேண்டுமோ, அதற்கே அடி. அதனால்தான் முடிவு டாக்டர் கையில் இருக்கிறது.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு படிக்கட்டு காட்டுகிறான். கோபம் வந்தால் மயக்கம் வரும், மயக்கத்தில் நினைவு குலையும், நினைவு குலைந்தால் புத்தி கெடும், புத்தி கெட்டால் மனிதனே கெட்டான் என்பது அதன் கருத்து. நாம் இதை மனசு சம்பந்தப்பட்ட பாடமாகத்தான் படித்திருக்கிறோம். ரக்பித் திடலில் இது உடம்பிலேயே நடக்கிறது, அதுவும் தலைகீழ் வரிசையில். முதலில் மூளைக்கு அடி, பிறகு நினைவு தடுமாற்றம், பிறகு எரிச்சலும் கோபமும். இரண்டு வழியிலும் புத்திக்கு வெளியிலிருந்து ஒரு துணை தேவைப்படுகிறது. மனசுக்கு குரு, உடம்புக்கு வைத்தியர்.

வைத்தியரை நம் சமயம் சாதாரண இடத்தில் வைக்கவில்லை. தமிழ்நாட்டில் வைத்தீஸ்வரன் கோயிலில் ஈசனையே வைத்தியநாதன் என்று கும்பிடுகிறோம். திருக்குறளில் மருந்து என்று தனி அதிகாரமே இருக்கிறது. அதில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து உதவி செய்பவர். அந்த நான்காவது ஆளைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐஸ் பையும் தண்ணீர்ப் போத்தலும் தூக்கிக்கொண்டு திடலுக்குள் ஓடுகிற டிரெய்னர் அந்த நான்காம் பங்கு. டிவியில் அவர் பெயர் வராது. ஆனால் அவர் இல்லையென்றால் மருத்துவம் முழுமை இல்லை.

சரி, ஒரு ஆட்டக்காரர் இவர்களிடம் தவறாக நடந்தால் என்ன ஆகும்? என்ஆர்எல்லில் ஆட்டம் முடிந்த பிறகு ஒரு மறுஆய்வுக் குழு வீடியோவைப் பார்க்கும். ஆட்டத்தின் மாண்புக்கு விரோதமான நடத்தை என்ற வகையில் குற்றம் சாட்டலாம். அதன் கடுமைக்குத் தகுந்த மாதிரி அபராதம் இருக்கும், அல்லது சில ஆட்டங்களுக்குத் தடை இருக்கும். ஆட்டக்காரர் ஒப்புக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒழுங்கு விசாரணைக் குழு முன் போய் வாதாடலாம். இது போக அவரவர் கிளப்பும் தன் பங்குக்கு நடவடிக்கை எடுக்கலாம்.

2022 ஆகஸ்டில் அப்படி ஒன்று நடந்தது. நியூகாசில் நைட்ஸ் கிளப்பின் ஒரு மூத்த ஆட்டக்காரரை வெளியே வரச் சொல்லி டிரெய்னர் திடலுக்குள் போனார். அவர் மறுத்து வாக்குவாதம் செய்தார். கிளப் அவருக்கு, நாம் இங்கே 'ஷோகாஸ் லெட்டர்' என்று சொல்வோமே, அதைக் கொடுத்து, ஒரு ஆட்டத்துக்கு ஒதுக்கி வைத்தது. பிறகு அவர் அணிக்குத் திரும்பினார். அன்று பிரச்சினை காயம் அல்ல, ஆள் மாற்றுவதுதான். இருந்தாலும் அடுத்த வாரம் தலையில் அடிபட்ட ஒருவரிடம் ஓடிப்போகிறவரும் அதே மாதிரி ஒரு டிரெய்னர்தான். ஆள் மாற்றும்போது அவர் பேச்சுக்கு மதிப்பு இல்லையென்றால், அடிபட்டபோது மட்டும் எங்கிருந்து வரும்? அந்த ஆட்டக்காரர் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. விஷயம் முடிந்துபோனது. அதிலிருந்து நமக்குப் பாடம் கிடைத்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான கதை உங்களில் பலருக்குத் தெரியும், ஏனென்றால் அது ஈபிஎல்லில் நடந்தது. 2015 ஆகஸ்ட் 8, செல்சி, சுவான்சி, ஆட்டம் 2-2. செல்சி ஏற்கெனவே 10 பேரோடு ஆடுகிறது. கடைசி நிமிடங்களில் ஹசார்ட் விழுகிறார். நடுவர் கூப்பிட்டதால் டாக்டர் ஈவா கார்னெய்ரோவும் பிசியோவும் திடலுக்குள் ஓடினார்கள். சிகிச்சை பெற்ற ஆட்டக்காரர் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி, அதனால் செல்சி 9 பேராகக் குறைந்தது. நிர்வாகி மொரீனியோ எல்லார் முன்னாலும் மருத்துவக் குழுவைக் குறை சொன்னார். டாக்டர் முதல் அணியின் வேலையிலிருந்து ஒதுக்கப்பட்டார், அடுத்த மாதமே கிளப்பை விட்டுப் போனார். வழக்கு தொழிலாளர் தீர்ப்பாயம் வரை போனது. 2016 ஜூனில் சமரசம் ஆனபோது கிளப் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அவர் விதிப்படியும் டாக்டருக்குரிய கடமைப்படியும்தான் நடந்தார் என்று ஒப்புக்கொண்டது.

இங்கே தவறு செய்தது ஆட்டக்காரர் இல்லை, ஆனால் நோய் ஒன்றுதான். வெற்றிக்குக் குறுக்கே வந்து நின்றதால் வைத்தியர் எதிரியாகத் தெரிகிறார். இந்தக் கதையை நாளைக்கு வேலைக்கு வரப்போகிற ஒரு இளம் டாக்டர் கேட்டால் என்ன நினைப்பார்? அடுத்த தடவை ஒருவர் விழும்போது ஓடலாமா, ஒரு நிமிடம் பார்க்கலாமா என்று அவர் கால் தயங்காதா? அந்த ஒரு நிமிடத் தயக்கத்துக்கு விலை கொடுக்கப் போவது அடிபட்டுக் கிடப்பவர்தான்.

ஒழுங்கு நடவடிக்கையின் அர்த்தம் எனக்கு இங்கேதான் புரிகிறது. வைத்தியரின் கௌரவம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிந்தால்தான் அடிபட்டவர் பிழைப்பார். டிரெய்னரைத் தள்ளியவருக்குக் கொடுக்கும் தண்டனை, அடுத்த வாரம் விழப்போகிற இன்னொருவருக்குப் பாதுகாப்பு. சில சமயம் அந்த இன்னொருவர், தள்ளிய அதே ஆளாகவும் இருக்கலாம்.

குருக்ஷேத்திரத்தில்கூட இப்படி ஒரு கோடு இருந்தது. போர் தொடங்கும் முன் இரண்டு பக்கமும் சேர்ந்து விதிகளை ஒப்புக்கொண்டார்கள். தேரோட்டிகள், ஆயுதம் சுமந்து வருபவர்கள், முரசு கொட்டுபவர்கள், சங்கு ஊதுபவர்கள் இவர்களை அடிக்கக் கூடாது. இவர்கள் களத்துக்கு உள்ளே இருப்பவர்கள், ஆனால் சண்டை போட வந்தவர்கள் இல்லை. திருப்பி அடிக்க முடியாதவர் மேல் கை வைப்பது வீரம் ஆகாது. அந்த விதிகள் பின்னால் ஒவ்வொன்றாக உடைந்தபோது என்ன ஆனது என்பதைத்தான் மிச்சப் பாரதமும் சொல்கிறது.

கண்ணன் அந்தக் களத்தில் எடுத்துக்கொண்ட வேலை என்ன? ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தேரோட்டியாக வந்தான். ஜயத்ரதனைத் தேடிப் போன பதினாலாம் நாள், நடுக்களத்தில் குதிரைகள் களைத்து, அம்பு தைத்து நின்றபோது, அவற்றை அவிழ்த்துவிட்டு, தன் கையால் அம்புகளை எடுத்து, தண்ணீர் காட்டி, தடவிக் கொடுத்தான். பகவான் களத்தில் நின்ற இடம் வள்ளுவர் சொன்ன அந்த நான்காவது ஆளின் இடம். டிரெய்னரைத் தள்ளப் போகும் கை இதை ஒரு கணம் நினைத்தால் போதும்.

இரண்டு கேள்வி வரும், எனக்கும் வந்தது.

ஒன்று, 'பீஷ்மரே சிகிச்சை வேண்டாம் என்றாரே, ஆட்டக்காரர் சொன்னால் என்ன தப்பு?' பீஷ்மர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தே இருந்தார். மறுபடி வில்லை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடவில்லை. சிகிச்சையை மறுத்ததால் வந்த விளைவை முழுதாக ஏற்றுக்கொண்டார். சிகிச்சையும் வேண்டாம், ஆட்டமும் வேண்டும் என்பது பீஷ்மர் வழி கிடையாது.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கஷ்டம். மூளை அதிர்ச்சியில் இருக்கிறவர் தன் நினைவிலேயே இல்லை. அந்த நிலையில் வாயில் வந்த சொல்லுக்கு அவரைத் தண்டிப்பது தர்மமா? அந்த இடத்திலேயே தீர்ப்பு சொன்னால் தர்மம் ஆகாது. அதனால்தான் சிகிச்சை முதலில், விசாரணை பிறகு. விசாரிப்பவர்கள் டாக்டரின் குறிப்பையும் பார்க்க வேண்டும், ஆட்டக்காரர் தரப்பையும் கேட்க வேண்டும். உண்மையிலேயே நினைவு தடுமாறிச் செய்தது என்றால் தண்டனை குறையலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் தெளிந்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று அப்போதும் குறையாது. அந்த டாக்டர் அல்லது டிரெய்னர் முன்னால் போய் நின்று, 'மன்னிச்சிருங்க' என்று சொல்வது. அபராதம் கிளப்புக்கும் லீக்குக்கும் கணக்கைத் தீர்க்கும். மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள கணக்கு மன்னிப்பில்தான் தீரும். நம் பெரியவர்கள் தண்டம் என்றும் பிராயச்சித்தம் என்றும் இரண்டு சொல் வைத்திருப்பது காரணத்தோடுதான்.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம். நமக்கு ரக்பி லீக் கிடையாது, ஆனால் தைப்பூசம் இருக்கிறது. போன தைப்பூசத்தில் நான் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். காவடி எடுத்து வந்த ஒரு அண்ணன் கண் சொருகி, கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். முதலுதவிக் குழுவிலிருந்து ஒரு தங்கச்சி, பதினெட்டு வயசுகூட இருக்காது, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கூட வந்த நண்பர்களில் ஒருவர், 'சாமி வந்திருக்கு, தொடாதே, தள்ளிப் போ!' என்று கத்தி அவள் கையைத் தட்டிவிட்டார். அவள் பின்வாங்கவில்லை. "அண்ணா, சாமி இருக்கட்டும், நாடித் துடிப்பு மட்டும் பார்த்துக்கிறேன், கொஞ்சம் நகருங்க" என்றாள். கூட்டத்திலிருந்த ஒரு பாட்டிதான் அவருடைய தோளைப் பிடித்து நகர்த்தினார். வெயிலும் விரதமும் சேர்ந்து தண்ணீர் வற்றிப்போன உடம்பு அது. கால் மணி நேரத்தில் அந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்தார், அந்தத் தங்கச்சியைக் கும்பிட்டார்.

முருகனைச் சுமப்பவருக்கு உதவ வருபவரை முருகனே அனுப்பியிருக்கலாம் என்று ஏன் நமக்குத் தோன்றுவதில்லை?

நம் இயக்கத்தின் கிளைகளில் ஃபுட்சால், கபடி என்று போட்டிகள் வைக்கிறோம். விதிமுறைத் தாளில் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் இருக்கும். இந்த மூன்றையும் சேர்ப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, முதலுதவிக்கு வந்தவர், 'வெளியே வா' என்றால் அதுவே முடிவு, கேப்டனோ மேனேஜரோ அதை மாற்ற முடியாது. இரண்டாவது, அவர் மேல் கை வைத்தாலோ கெட்ட வார்த்தை பேசினாலோ நடுவரிடம் அப்படிச் செய்ததற்கு என்ன தண்டனையோ அதே தண்டனை, விசாரித்த பிறகு. மூன்றாவது, பரிசளிப்பில் சாம்பியன் அணியைக் கூப்பிடும் முன் முதலுதவிக் குழுவை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை. பொருள் கொடு, மரியாதை செய், பிறகு அனுப்பி வை என்று பீஷ்மர் சொன்னார் அல்லவா, அதே வரிசைதான்.

மேனேஜரின் கண்ணில் படாத இடத்தில்தான் இதற்கு உண்மையான பரீட்சை. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அப்பாவுக்காகக் காத்திருக்கும் இரவு, நம்பர் இன்னும் கூப்பிடவில்லை, கவுண்டரில் இருக்கும் மிஸ்ஸி காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கிறார். அந்த இடத்தில் நம் குரல் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில் தெரிந்துவிடும், நாம் பாரதத்தைக் கேட்டவர்களா, வெறும் படம் பார்த்தவர்களா என்று.

வலிக்கத்தான் செய்யும், கோபமும் வரும். அம்புப் படுக்கையிலும் மரியாதை சாத்தியம் என்று ஒரு கிழவர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். வைத்தியநாதன் நம் கையையும் நாக்கையும் காக்கட்டும்.

ஓம் நமசிவாய.